ஒரே கூரைக்குக் கீழே முப்பத்தாறு கடை

கனகத்தம்மாவுக்கு மாடசாமி மூன்று லட்ச ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. டொலர் விலை எகிறி, ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடத்தில் வாங்கிய கடன். குடிக்க வாங்கவில்லை, கலியாணம் கட்டவும் வாங்கவில்லை. சேர்வர் வாடகை கட்ட வாங்கினான். வெளிநாட்டுக் கம்பனி டொலரில்தான் கேட்டது. கட்டாமல் விட்டிருந்தால், அவனை நம்பிக் காசு கொடுத்த முப்பத்தாறு பேரின் இணையத்தளங்களும் ஒரே நாளில் அணைந்து போயிருக்கும். அன்றைக்குப் பதுளையில் ரொக்கம் வைத்திருந்தவள் கனகத்தம்மா. கொடுத்தாள். கொடுக்கும்போதே சொன்னாள்:

"எழுத்து ஒண்ணும் வேணாம்டா. நீ எங்க ஓடப்போற? ஓடுனாலும் பூனாகலை லயத்துக்குத்தான ஓடுவ."

மாடசாமி சிரித்தான். அவள் எதிரில் அப்படிச் சிரிப்பது அவனுக்குப் பழகிப்போன வேலை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரைக்குக் கீழே பத்து அறை வரிசையாக நிற்கும் பத்துக் காம்பரா லயத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதுமென்று நின்றுகொண்டான். நின்றுகொண்டான் என்ன, நிறுத்திவிட்டார்கள். மீசை முளைக்குமுன் பதுளைக்கு வந்து கனகத்தம்மாவின் புடவைக் கடையில் துணி மடிக்கச் சேர்ந்தான். காய்ச்சலோடு மாடிக்குத் துணிப்பொதி தூக்கியிருக்கிறான். அப்பன் செத்து, காடாற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது போகாத நாட்களுக்கெல்லாம் சம்பளம் வெட்டியிருந்தது. ஏனென்று கேட்டான்.

"செத்தது ஒன் அப்பன். என் கடை சாகலயே" என்றாள் கனகத்தம்மா.

அந்தக் கடைக்கு பில் போட ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வேலையாட்கள் அதன் முன்னால் உட்காரக்கூடாது என்பது கனகத்தம்மாவின் சட்டம். சரி, உட்காரவில்லை. நின்றான். நின்றபடியே பார்த்தான், நின்றபடியே தட்டினான், நின்றபடியே கெடுத்தான், கெடுத்ததை நின்றபடியே சரிசெய்தான். பட்டம் வாங்கியவர்கள் நாற்காலியில் சாய்ந்து படித்த படிப்பை முட்டி வலிக்க நின்று படித்த ஆள் பதுளையில் ஒருவன் உண்டென்றால் அவன் மாடசாமிதான். இதைப் பெருமையாகச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

பிறகு கடையை விட்டு வெளியே வந்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில், ஆள் குறுக்கே படுத்தால் கால் வெளியே நீட்டும் அளவுக்கு ஓர் இடம். முதலில் போட்டோ கொப்பி, போனுக்கு ரீலோட். அப்புறம் இணையத்தளம். சுற்றுலா ஊரான எல்லவில் கெஸ்ட்ஹவுஸ் வைத்திருந்த ஜெனீராதான் முதல் வாடிக்கை. "கொழும்புக்காரன் கேக்குற காசுல நான் இன்னொரு ரூமே கட்டிருவேன். நீங்க செஞ்சு தாங்க அண்ணன்" என்று கேட்டு வந்தவள். அவளைப் பார்த்து ஹாலிஎல பேக்கரி வந்தது. கலியாண மண்டபம் வந்தது. டியூசன் மாஸ்டர், சாரதிப் பயிற்சி நிலையம், கோயில் பரிபாலன சபை என்று முப்பத்தாறு பேர். எட்டாம் வகுப்புக்காரன் வீட்டு வாசலில் இவ்வளவு பேர்!

முப்பத்தாறு பேருக்கும் தனித்தனி சேர்வர் எடுக்க எவனால் முடியும்? ஒரே கணக்கு, ஒரே வாடகை. உள்ளே ஆளுக்கொரு அறை. மாடசாமிக்கு அது புதிதாகவே தெரியவில்லை. அச்சு அசல் லயம். காம்பராவுக்குக் காம்பரா சுவர் இருக்கும், ஆனால் சுவர் கூரையைத் தொடாது. முதல் காம்பராவில் கருவாடு சுட்டால் பத்தாவது காம்பராவில் கண் எரியும். முதல் காம்பராவில் தீப்பிடித்தால் பத்தும் போகும். பூனாகலையில் அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்படி ஒரு லயம் போயிருக்கிறது. எரிந்த தகரத்தை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு அதன் கீழேயே ஆறு மாதம் படுத்திருந்தார்கள்.

ஆகையால் அவன் இரண்டு பூட்டை எப்போதும் போட்டே வைத்திருந்தான். ஒன்று, எந்த இணையத்தளமும் வேறோர் இடத்திலிருந்து நிரலை இழுத்துவந்து இங்கே ஓட்டக்கூடாது. இரண்டு, எந்தப் பக்கமும் சேர்வருக்கே நேராகக் கட்டளை போடக்கூடாது. இந்த இரண்டையும் திறந்துவிடச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. காலைப் பிடித்துக்கூடக் கேட்டார்கள். திறக்கவில்லை.

தை மாதத்தில் கனகத்தம்மா ஆளனுப்பினாள். போனான். கல்லாவில் அவள். பக்கத்தில் மகன் நிரோஷன், மடியில் லப்டொப். கொழும்பில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த பிள்ளை. புடவையை இணையத்தில் விற்கப்போகிறானாம். அதற்கு ஒரு முகவரியும் சேர்வரில் ஓர் இடமும் மாடசாமி முன்பே வாங்கிக் கொடுத்திருந்தான். வரும் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறக்குமுன் திறப்பு. ஐயர் நாள் குறித்தாயிற்று, அழைப்பிதழ் அடித்தாயிற்று.

"எல்லாம் ஏத்தியாச்சு. ஒங்க சேர்வர்ல மட்டும் ஓட மாட்டேங்குது. பாருங்க" என்றான் நிரோஷன்.

மாடசாமி குனிந்து பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் மாறியது.

"தம்பி, இத எங்க வாங்குனீங்க?"

"பேஸ்புக்ல ஒருத்தன்கிட்ட. கொழும்புல லட்சக்கணக்குல கேட்டானுங்க. இவன் பத்தாயிரத்துக்குத் தந்துட்டான்."

"அதான் பாத்தேன். கட ஒங்க கட, சோறு மட்டும் வித்தவன் வீட்டுச் சோறு. ஒவ்வொரு தடவையும் அவன் சேர்வருக்கு ஓடி, அங்கேருந்து நிரல இழுத்துட்டு வந்து ஓட்டுது. நாளைக்கு அவன் அங்க எத மாத்தி வச்சாலும் இங்க அதுதான் ஓடும். ரெண்டு பூட்டையும் தொறக்காம இது நடக்காது. தொறந்தா ஒங்களுக்கு மட்டும் தொறக்க முடியாது, கணக்கு மொத்தத்துக்கும் தொறந்துரும்."

"தெரியும்" என்றான் நிரோஷன்.

"தெரியுமா?"

"தெரியாம என்ன? படிச்சுப் பாத்துட்டுத்தான் கேக்குறேன். ஆபத்துதான். ஆனா ஒங்க பேக்கரியையும் டியூசனையும் எவன் தேடி வந்து ஒடைக்கப்போறான்?"

மாடசாமி கனகத்தம்மா பக்கம் திரும்பினான். "பத்து நாள் தாங்கம்மா. அவன் வீட்டுல இருக்குற நிரலயெல்லாம் இங்கேயே கொண்டுவந்து வச்சுடறேன். எவன் வாசலுக்கும் ஓட வேண்டியதில்ல."

"நாள் குறிச்சாச்சுன்னு சொல்றேன், பத்து நாளாம்ல?"

"அப்ப தனியா ஒரு சேர்வர் எடுத்துக்குங்க. மாசம் எட்டாயிரம் வரும். ஒங்க வீடு தனி வீடு, என்ன நடந்தாலும் மத்தவங்களுக்குச் சேதமில்ல."

கனகத்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் குரலில் சொன்னாள்:

"லயத்துக்காரன் எனக்குத் தனி வீடு பாத்துக் குடுக்குறான், கேட்டீங்களா? டேய் மாடசாமி, மூணு லட்சம் என் காசு ஒன் வயித்துல கெடக்கு. ஒண்ணு வெள்ளிக்கெழம என் கட தொறக்கணும். இல்ல, வெள்ளிக்கெழம அந்த மூணு லட்சம் இந்த மேசையில இருக்கணும். எது வசதின்னு நீயே பாத்துக்க."

மாடசாமி படியிறங்கினான். கடைவீதி முழுக்க நடந்தான், ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை. நடந்துகொண்டே நிறுத்துப் பார்த்தான். பூட்டைத் திறந்தால் கள்ளன் வரலாம், வராமலும் போகலாம். திறக்காவிட்டால் கனகத்தம்மா வந்தே தீருவாள். அந்த மாடி இடமும், இரண்டு கம்ப்யூட்டரும், ஒருவனுக்கும் கை கட்டாமல் உட்கார்ந்த அந்த நாற்காலியும் போகும். போனால் எங்கே? மறுபடி அவள் கடையில் துணி மடிக்க. அதைத்தான் அவள் விரும்பினாள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

வீட்டில் விஜயலெட்சுமி கேட்டாள்: "மத்த முப்பத்தாறு பேருகிட்டயும் ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னா விடுவாங்களா?"

"அப்ப ஒங்களுக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை காலையில் முப்பத்தாறு இணையத்தளங்களையும் பிரதியெடுத்துத் தன் டிஸ்கில் வைப்பது. நல்ல நேரத்துக்குப் பூட்டைத் திறப்பது. பூசை முடிந்து விருந்தாளிகள் வெளியேறியதும் பூட்டுவது. இரண்டு மணி நேர ஆபத்து. இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? கெட்ட கணக்கு என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் நின்றால் கெட்டிக்காரனும் அதைத்தான் போட்டிருப்பான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடை வாசலில் வாழைமரம், நாதஸ்வரம். லப்டொப்புக்குச் சந்தனப் பொட்டு. ஐயர் தலையசைத்ததும் மாடசாமி இரண்டு பூட்டையும் திறந்தான். நிரோஷன் ஒரு தட்டுத் தட்ட, பட்டுப்புடவைகள் திரையில் வரிசைகட்டின. தேங்காய் உடைந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். மாடசாமிக்கு ஒரு பை லட்டு.

விருந்தாளிகள் போனதும் கல்லாவுக்கு வந்தான்.

"அம்மா, பூட்டிடறேன். தம்பி கடைய பத்து நாள்ல முறையா மாத்தித் தந்துட்டு மறுபடி தொறப்போம்."

கனகத்தம்மா எழுந்தேவிட்டாள். "என்ன சொன்ன? நல்ல நேரத்துல தொறந்தத அன்னைக்கே மூடுவியா? வெள்ளிக்கெழமையில? ஏத்துன வெளக்க ஊதி அணைக்கச் சொல்லுவியா? ஒன் நாக்குல வெளங்குறது எதுவும் வராதா?"

இங்கேதான் விஷயம். அவள் திட்டினாள் என்பதற்காக மட்டும் அவன் பூட்டாமல் விடவில்லை. அவனுக்கே கை வரவில்லை. விளக்கேற்றிய வீட்டைக் கூட்டிப் பெருக்காத குடும்பத்தில் வளர்ந்தவன். தன் மாடிக்கடையைத் திறந்த அன்று இரவுகூடக் கதவைச் சாத்தாமல் வாசலிலேயே படுத்தவன். சேர்வர் எங்கோ வெளிநாட்டில் கிடக்கிறது, அதற்கு வெள்ளி ஏது, விளக்கு ஏது என்று புத்தி சொன்னது. விரல் கேட்கவில்லை. சனிக்கிழமை மூடுவதா? சனி பிடிக்கும். ஞாயிறு? கடைக்கு லீவு, கனகத்தம்மா தளத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். திங்கட்கிழமை ராகுகாலம் கழிந்து ஒன்பது மணிக்கு மேல் மூடுவது என்று முடிவு செய்து, லட்டுப் பையோடு வீட்டுக்குப் போனான். கொழும்புக்காரன் எவனும் செய்யாத தவறு. நம் ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் தீப்பிடித்தது. கோயில் தலைவர்தான் முதலில் போன் பண்ணினார். கோயில் பக்கத்தைத் திறந்தால் சூதாட்டம் ஆடச் சொல்லி ஒரு பெண் கண்ணடிக்கிறாளாம். டியூசனைத் திறந்தாலும் அவள்தான். கலியாண மண்டபத்திலும் அவள்தான். மாடசாமி ஓடிப்போய்ப் பூட்டுகளைப் போட்டான். எரிகிற வீட்டுக்குப் பூட்டு. கொஞ்ச நேரத்தில் வெளிநாட்டுக் கம்பனி கணக்கையே நிறுத்திவிட்டது.

ஜெனீராவின் பக்கத்தில் மட்டும் அந்தப் பெண் இல்லை. எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. அட்வான்ஸ் கட்ட வேண்டிய வங்கிக் கணக்கு மட்டும் வேறொருவனுடையது.

திங்கள் காலை அவள் மாடியேறி வந்தாள். வாசலில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர்.

"அண்ணன், ஒரு குடும்பமில்ல, அஞ்சு குடும்பம். லீவுக்கு வந்து வாசல்ல நிக்குறாங்க, காசு கட்டின ரசீதோட. என்ட கணக்குல ஒரு சல்லி இல்ல. ரூம் குடுக்காட்டி என்ட பேரு நாறும், குடுத்தா என்ட காசு போகும். குடுத்தேன். ஒரு லட்சத்து அறுபதாயிரம். இது எப்பிடி நடந்திச்சு?"

மாடசாமி பொய் சொல்லியிருக்கலாம். கள்ளன் வந்தான் என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. "பூட்ட நான்தான் தொறந்து வச்சேன். கனகத்தம்மா கடைக்காக."

ஜெனீரா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்கட கடைக்கு என்ட வீட்டுக் கதவ தொறந்து வச்சீங்களா? என்ட கிட்ட ஒரு வார்த்த கேக்காம? ஒங்கள நம்பித்தானே நான் இத்தின பேர கூட்டிவந்து தந்தேன்." வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டீங்கதானே? இவர்தான் தொறந்தாராம்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை அச்சில் போட முடியாது. பேக்கரிக்காரர் காறித் துப்பினார். துப்பியது தரையில்தான், ஆனால் கால் பக்கத்தில்.

பன்னிரண்டு மணிக்குக் கனகத்தம்மா கூப்பிட்டாள். கடை நிறைய ஆள். நிரோஷன் காலையிலேயே பேஸ்புக்கில் போட்டிருந்தான்: சேர்வர் வைத்திருப்பவரின் கவனக்குறைவால் எங்கள் தளம் தடைப்பட்டுள்ளது, வருந்துகிறோம்.

"தம்பி, ஒங்களுக்குத் தெரியும்ல?" என்று மாடசாமி கேட்டான்.

நிரோஷன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு என்ன தெரியும்? சேர்வர் ஒங்களது."

கனகத்தம்மா சொன்னாள்: "எட்டாம் வகுப்ப நம்பிக் குடுத்தது என் தப்பு. வர்ற வெள்ளிக்குள்ள மூணு லட்சத்த வை. இல்ல, மாடியையும் ரெண்டு கம்ப்யூட்டர் பொட்டியையும் எழுதித் தந்துட்டு நாளையிலேர்ந்து துணி மடிக்க வந்துரு. ஒன் பழைய எடம் காலியாத்தான் கெடக்கு." கடையில் யாரோ சிரித்தார்கள்.

மாடசாமி திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டான். வெளிநாட்டுக் கம்பனியின் காலில் விழுந்து கணக்கைத் திறக்க வைத்தான். அடியோடு துடைத்தான். எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றினான். டிஸ்கில் இருந்த பிரதியிலிருந்து முப்பத்தாறையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் நிறுத்தினான். கனகத்தம்மாவின் கடையை மட்டும் தொடவில்லை. புதன்கிழமை எல்லாம் மறுபடி உயிர் பெற்றன. ஆனாலும் பதினொரு பேர், திருத்திய வீடும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று போய்விட்டார்கள். கோயில் போனதுதான் அவனை உலுக்கியது.

வியாழக்கிழமை நிரோஷன் மாடியேறி வந்தான். பிறந்ததிலிருந்து "மாடசாமி" என்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பிள்ளை அன்றைக்கு "மாடசாமி அண்ணே" என்றான்.

"நாங்க கொழும்புக் கம்பனிக்கு மாறுறோம். முகவரிய விடுவிச்சுத் தரணுமாம். சொந்தக்காரர் சம்மதம் இல்லாம முடியாதாம்."

"சொந்தக்காரர் யாருன்னு இருக்கு?"

"ஒங்க பேருதான் இருக்கு."

மாடசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. கடையின் இணைய முகவரியை வாங்கும்போது, அந்தச் சில்லறைக்கும் கனகத்தம்மா கை நீட்டவில்லை. அவன்தான் தன் பேரில், தன் காசில் வாங்கிப் போட்டான். அந்த முகவரி இப்போது கடைப் பலகையில் இருக்கிறது. மூன்று வண்டி நிறையக் கடைப் பைகளில் அடித்திருக்கிறது. பண்டாரவளை பஸ்ஸின் முதுகிலும் எழுதியிருக்கிறது.

"ஒங்கம்மாவ வரச் சொல்லுங்க" என்றான்.

"அம்மாவுக்கு முட்டி வலி. மாடி ஏற மாட்டாங்க."

"மெதுவா ஏறட்டும். நான் எங்கயும் ஓட மாட்டேன்."

அப்புறம் ஜெனீராவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். "வெள்ளிக்கெழம பத்து மணிக்கு வாங்க. காசுக்குத்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லி வைத்தான்.

வெள்ளிக்கிழமை கனகத்தம்மா வந்தாள். ஒவ்வொரு படிக்கும் நின்று, கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்கி. கூட நிரோஷன். உள்ளே ஜெனீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாடசாமி நின்றான். கனகத்தம்மா இன்னொரு நாற்காலியைத் தேடினாள். இல்லை. இருந்ததை அவன் காலையிலேயே பக்கத்துக் கடைக்குக் கொடுத்துவிட்டிருந்தான்.

"சொல்லுடா. எவ்வளவு வேணும்?"

"ஒங்க மூணு லட்சம் தீந்துச்சு. அதோட ஒரு லட்சத்து அறுபது."

"ஒரு பேருக்கா? பொறுக்கித் தின்ன நாயே!"

"ஒங்க வீட்டுச் சோறுதானம்மா தின்னேன்."

"போலீசுக்குப் போவேன்."

"போங்க. பூட்ட எதுக்குத் தொறந்தேன்னு அவங்களும் கேப்பாங்க. தம்பி தெரியும்னு சொன்னதையும் சொல்றேன். அப்பறம் அஞ்சு குடும்பத்துக்கும் யாரு பதில் சொல்றதுன்னு பாப்போம். பை எல்லாத்தையும் எரிச்சுட்டு வேற பேரு வைக்கிறதுன்னாலும் எனக்குச் சம்மதம்தான்."

நிரோஷன் தாயின் காதில் ஏதோ சொன்னான். அவள் அவன் கையை உதறினாள். முட்டி நடுங்கியது. மாடசாமி அந்த நடுக்கத்தைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான். சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வயதான பெண்பிள்ளையைப் பாவமென்று நினைக்க அவனுக்கு நேரமிருந்தது. மனமில்லை.

கடைசியில் கனகத்தம்மா இடுப்புப் பையைத் திறந்தாள். கொண்டுதான் வந்திருந்தாள். நோட்டுக் கட்டை எடுத்து மாடசாமியின் பக்கம் நீட்டினாள்.

"என் கையில வேணாம். அவங்க கையில."

கனகத்தம்மா ஜெனீராவைப் பார்த்தாள். கட்டை மேசைமேல் வைக்கப் போனாள். ஜெனீரா எழுந்து, உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

"எண்ணித் தாங்க. நம்பி எடுக்குற பழக்கத்த நான் விட்டுட்டேன்" என்றாள் மாடசாமியைப் பார்த்துக்கொண்டே. "இது முடிஞ்சதும் என்ட சைட்டையும் கழட்டித் தாங்க. பேக்கரிக்காரர் போன எடத்துக்கே நானும் போறேன்."

மாடசாமி தலையை மட்டும் ஆட்டினான். கனகத்தம்மா விரலை எச்சில் தொட்டாள். நின்றபடியே, ஐயாயிரம் ஐயாயிரமாக, சத்தம் போட்டு எண்ணி, விரித்த அந்தக் கையில் ஒவ்வொரு தாளாக வைத்தாள்.